தெருவிலிருந்து கடல்வாய் வரை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காவிரி டெல்டாவின் கடைமடையான முத்துப்பேட்டையில் இரண்டு பேச்சுதான். ஒன்று, சம்பா தப்புமா என்பது. மற்றொன்று, தெருவில் நிற்கும் தண்ணீர் எப்போது வடியும் என்பது. முதல் கேள்விக்கு எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள், இரண்டாவதற்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்க்கிறார்கள். "காலையில கொண்டாந்து வச்சாங்க, பத்து மணிக்கு ரிப்பேர்னாங்க, டீசல் வாங்கப் போனவரு இன்னும் வரல" என்ற டீக்கடைப் பேச்சைத் திருத்துறைப்பூண்டியிலும் அதிராம்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் கேட்கலாம். கணுக்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும், கடைக்குள் தண்ணீர் ஏறி அரிசி மூட்டை நனைந்துபோன வியாபாரிக்கும் கோபம் வருவதில் தப்பே இல்லை.

அந்தக் கோபம் மோட்டாரோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம். மோட்டார் கண்ணுக்குத் தெரிகிறது. அது இறைத்துக் கொட்டும் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது, அதை வாங்கிக்கொள்ளும் வாய்க்காலின் தரைமட்டம் என்ன, வாய்க்கால் விழும் ஆறு அன்றைக்கு எவ்வளவு நிறைந்து ஓடுகிறது, ஆறு கலக்கும் காயலில் அந்த வேளையில் ஏற்றமா வற்றமா என்பதெல்லாம் தெருவில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஊருக்குள் நிற்கும் தண்ணீருக்குக் காரணம் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் மோட்டார்தான். ஒரு ஏக்கர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் தண்ணீர் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாக் கரைக்குப் பத்து சென்டிமீட்டர் அதிசயமும் இல்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. வினாடிக்கு 20 லிட்டர் இறைக்கும் மோட்டார் ஒன்று அந்த 4 லட்சம் லிட்டரை இறைக்க ஐந்தரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஊரின் தாழ்ந்த பகுதி 50 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மோட்டார் இரவுபகலாக பதினோரு நாளுக்கு மேல் ஓட வேண்டும். பத்து மோட்டார் வைத்தாலும் ஒரு நாளைத் தாண்டும். அதுவும், இடையில் ஒரு தூறல்கூட விழாமல், பக்கத்து மேட்டிலிருந்து ஒரு சொட்டும் இறங்கி வராமல் இருந்தால். இருபதாயிரத்தைத் தாண்டிய மக்கள்தொகையுள்ள ஒரு பேரூராட்சி, டிராக்டரில் கட்டி இழுத்து வரும் ஓரிரு இன்ஜினை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை வெல்ல முடியாது.

மோட்டார் நின்றுபோவதற்கும் காரணங்கள் எளியவைதான். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் பாலிதீன் பை சுற்றிக்கொள்ளும். ஆண்டு முழுக்கக் கொட்டகையில் கிடந்த இன்ஜினை மழை நாளில்தான் முதன்முதலில் ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். மின்மோட்டார் என்றால் மழை வலுத்ததும் முதலில் போவது கரண்டுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. முத்துப்பேட்டைப் பகுதி பல நாட்கள் இருளில் கிடந்தது. எந்த நாளில் மோட்டார் மிகவும் தேவைப்படுமோ அந்த நாளில் அதற்கு மின்சாரம் இருக்காது என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். மாற்று இன்ஜின் வைக்கலாம், சல்லடை போடலாம், புரட்டாசியிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு அடுத்த கேள்விதான் கடினமானது: இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? பெரும்பாலான இடங்களில் ஹோஸ் பைப்பின் மறுமுனை பக்கத்துத் தெருவின் சாக்கடையில் கிடக்கும். அந்தச் சாக்கடையும் நிறைந்திருந்தால், இறைத்த தண்ணீர் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். டீசல் செலவாகும், நீர்மட்டம் அப்படியே இருக்கும்.

ஆக, இரண்டாவது அடுக்கு சாலையும் சாக்கடையும். நம் ஊர்களில் சாலை போடுவதென்றால் பழைய சாலையின் மேலேயே புதிதாக ஒரு படலம் போடுவது என்றுதான் நெடுங்காலம் பொருள். ஒவ்வொரு முறையும் சாலை சில அங்குலம் உயர, வாசல்படி அதே அளவு தாழும். முப்பது ஆண்டுக்கு முன்பு மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கி நுழைகிறோம். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவுதான், ஆனாலும் அதற்கு முன் உயர்ந்துவிட்ட சாலைகள் உயர்ந்தபடியேதான் இருக்கின்றன. உங்கள் தெருவில் அடுத்த முறை தார் போடும்போது சுரண்டுகிறார்களா என்று நின்று பாருங்கள்.

சாக்கடையும் அப்படித்தான். கான்கிரீட் போட்டு மேலே பலகை மூடிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். தண்ணீர் ஓடுவதற்குத் தேவை சாய்வு. டெல்டாவில் சாய்வு என்பது அரிய பொருள். கல்லணை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவந்து அந்த உயரத்தில் பெரும்பகுதியை மேலேயே கரைத்துவிட்டுத்தான் ஆறுகள் முத்துப்பேட்டைப் பக்கம் வருகின்றன. ஊருக்குள் ஒரு சாக்கடைக்குக் கிடைப்பது சில அங்குலச் சரிவுதான். அதில் ஒரு தெருவின் ஒப்பந்தக்காரர் நாலு அங்குலம் உயர்த்திக் கட்டிவிட்டால் போதும், மேல்தெரு முழுவதற்கும் அது தடுப்பணை. கிழக்குக் கடற்கரைச் சாலையும், அகலப்பாதையாக மாறிய திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையும் ஊரை ஒட்டி மேடாகப் போகின்றன. கரை போட்ட பாதைக்குக் கீழே விட்ட குழாய்ப்பாலத்தின் அகலம்தான் அந்தப் பக்கத்து மழைநீர் முழுவதற்கும் வாசல். அதில் மண் மேவிக் கிடந்தால் எத்தனை மோட்டார் வைத்தும் பயனில்லை.

குளங்களை மறந்துவிட்டோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோயில் குளமானாலும் பள்ளிவாசல் குளமானாலும் தெருக்குளமானாலும், ஊருக்குள் விழும் முதல் மழையை வாங்கிக்கொண்டு, வெளியே ஆறு வடிகிற வரை தாங்கி நிற்பதுதான் கடைமடை ஊரில் அதன் வேலை. மண் களிமண். மழைநீரை அது எளிதில் உறிஞ்சாது. குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால் அந்தக் குளத்துத் தண்ணீர் வேறு எங்கும் போகாது, கட்டடத்தின் வாசலில் வந்து நிற்கும்.

மூன்றாவது அடுக்குக்குப் போவோம். இங்கேதான் வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வரும். ஆறு பக்கத்தில்தானே ஓடுகிறது, கடலும் பக்கத்தில்தானே இருக்கிறது, பிறகு ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்பார்கள். கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. பாமணியாறு மன்னார்குடி வழியாகவும், கோரையாறு அதற்குக் கிழக்கேயும் இறங்கி முத்துப்பேட்டைக் காயலில் கலக்கின்றன. மரக்காக் கோரையாறு, கிளைதாங்கியாறு, கந்தபரிச்சான் ஆறு ஆகியவையும் அதே காயலைத்தான் சேர்கின்றன. பாசனத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் இந்த ஆறுகளே மழைக்காலத்தில் வடிகாலாகவும் வேலை செய்ய வேண்டும். மேல்மடை வயலில் வடிந்தது கீழ்மடைக்குப் பாசனம். கீழ்மடையில் வடிந்தது அதற்கும் கீழே இருப்பவருக்குப் பாசனம். காவிரிப் படுகையின் சிக்கனமே இதுதான்.

பாசனம் கேட்பவருக்குச் சட்டரை இறக்க வேண்டும். வடிகால் கேட்பவருக்கு ஏற்ற வேண்டும். ஒரே ஆறு, ஒரே நீரொழுங்கி, அதை இயக்கும் ஒரே லஸ்கர். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு கோரிக்கையும் ஒரே வாரத்தில் வரும். மழை இல்லாத பத்து நாளில் பயிர் காயும் என்று தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பார்கள். பதினோராம் நாள் இரவு மழை கொட்டும். நிறைந்த ஆற்றில் தெருத்தண்ணீரும் வயல்தண்ணீரும் விழ இடமிருக்காது. வானிலை மையம் இரண்டு நாளுக்கு முன்பே எச்சரிக்கை விடும் இந்தக் காலத்தில், மழைக்கு முன்பே ஆற்றைத் தாழ்த்தி வைப்பது செய்யக்கூடிய காரியம். ஆனால் அதற்கு ஒவ்வொரு சட்டரும் ஏற இறங்க வேண்டும், அதை இயக்க ஆள் இருக்க வேண்டும்.

மேட்டூரிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டதால்தான் ஊர் மூழ்கியது என்று ஒரு பேச்சு அடிக்கடி கிளம்பும். இதில் பெரும்பாலும் உண்மை இல்லை. காவிரியில் பெருவெள்ளம் வரும்போது முக்கொம்பிலும் கல்லணையிலும் உபரியைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். டெல்டாவில் கனமழை என்றால் வெண்ணாற்றுக்கு விடும் அளவையும் குறைத்துவிடுவார்கள். முத்துப்பேட்டைத் தெருவில் நிற்பது முத்துப்பேட்டையிலும், அதற்கு மேலே மன்னார்குடி, கோட்டூர் வட்டாரங்களிலும் பெய்த மழை. மழை விட்ட மறுநாள் ஆற்றில் தண்ணீர் கூடுகிறதே என்று சிலர் திகைப்பதற்கும் இதுவே காரணம். மேல்மடை விவசாயிகள் பயிரைக் காப்பாற்ற வரப்பை வெட்டியும் ஆயில் இன்ஜின் வைத்தும் வடித்த தண்ணீர் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கடைமடைக்கு வந்து சேரும். அவர்கள் பயிர் தப்பினால் நம் தெரு நனையும். யாரையும் குற்றம் சொல்ல முடியாத சங்கடம் இது.

ஆற்றுக்குள்ளேயே கிடக்கும் தடைகளைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டி, பாலத்தின் தூண்களில் மெத்தையாக அடைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் கோடைகாலத்தில் சிறப்புத் தூர்வாரும் பணி நடக்கிறது. டெல்டா மாவட்டங்களுக்கு 2022இல் 80 கோடி ரூபாயும் 2023இல் 90 கோடி ரூபாயும் ஒதுக்கினார்கள். அறிவிப்புகள் கிலோமீட்டரிலும் கோடியிலும் பேசுகின்றன. தூர்வாரிய பிறகு வாய்க்காலின் தரைமட்டம் தலைப்பில் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என்பதுதான் எனக்கு வேண்டிய கணக்கு. நடுவில் ஒரு பர்லாங்கு மேடாக விட்டுவிட்டு இருபுறமும் தோண்டினால் கிலோமீட்டர் கணக்கு பெருமையாகத்தான் இருக்கும், தண்ணீர் மட்டும் நகராது.

நான்காவது அடுக்கு கடல். முடிவாக வாசலைத் திறப்பதும் மூடுவதும் அதுதான். பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. சாய்வே இல்லாத நிலத்தில் அந்தக் குறைந்த அளவும் பெரிய விஷயம். ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும், அதைத் தடுக்கக் கடைமடை நீரொழுங்கிகளை மூடுவார்கள். மூடினால் மழைநீர் வெளியேறாது. வற்றத்தின்போது திறந்தால்தான் வடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடும். போதாததற்கு, வங்கக்கடலின் இந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் கடல்மட்டம் ஆண்டிலேயே உயர்ந்து நிற்கும். மழையும் உயர்ந்த கடலும் ஒரே பருவத்தில் வருகின்றன. புயல் சின்னம் உருவாகிக் காற்றும் கரையை நோக்கித் தள்ளினால், ஆற்றின் வாய் அடைத்தது போலத்தான்.

இவ்வளவும் இயற்கை. இதன்மேல் நாம் சேர்த்ததும் உண்டு. முத்துப்பேட்டைக் காயல் ஆழமற்றது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் அதில் படிந்துகொண்டே இருக்கிறது. கடலோடு சேரும் வாயும் குறுகியது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்று வெள்ளம் கட்டுக்குள் வந்தது; வாயை அரித்துத் திறந்து வைத்த பெருவெள்ளமும் அதோடு குறைந்தது. 1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, வடிகால்களின் ஓரத்திலும் குறுக்கிலும் கரைகள் எழுந்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு தந்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகளும் தொடர்ந்தன. தண்ணீரின் வழியில் எந்தக் கரை நிற்கிறது என்பதை இன்றைக்கும் இடத்துக்கு இடம் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.

கடைமடையில் தேங்கிய நீரை மோட்டார் இல்லாமல் வடித்துக்காட்டிய வேலை ஒன்று இதே முத்துப்பேட்டையில் நடந்திருக்கிறது. அதிகம் பேசப்படாதது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அலையாத்திக் காட்டை வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக முழுவதும் வெட்டி எடுத்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் பட்டு ஈரம் காய்ந்து மண் அமிழ்ந்தது, நிலம் தொட்டி போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, வெயிலில் வற்றி, உப்பாக இறுகியது. அதற்குமேல் எந்த விதையும் அங்கே முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாக அதில் வந்து சேரும் சிறு வாய்க்கால்கள். ஓதம் உள்ளே வந்தது, திரும்பவும் போனது. உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் ஓரத்தில் நட்ட அலையாத்தி பிடித்துக்கொண்டது. அந்த வேலைக்கு ஒரு மோட்டாரும் தேவைப்படவில்லை. மட்டம் பார்த்து வெட்டினார்கள், வெட்டிய வாய்க்காலை அடைத்துக்கொள்ளவிடாமல் வைத்தால் போதும். வண்டல் மேவும் இடத்தில் வெட்டிய வாய்க்கால் தானாக மூடிக்கொள்ளும் என்பதால், பராமரிப்பு நின்றால் பலனும் நின்றுவிடும்.

இதனால் மோட்டாரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கும் கேரளத்துக் குட்டநாட்டில் தண்ணீரை இறைத்தே தீர வேண்டும். பெட்டியும் பறையும் என்று அவர்கள் அழைக்கும் மரத்தாலான பம்பு தலைமுறைகளாக அங்கே ஓடியிருக்கிறது. எந்தப் பாடசேகரத்துக்கு (கரை கட்டிய வயல் தொகுதிக்கு) யார் இறைப்பது என்பது சாகுபடிக்கு முன்பே ஏலத்தில் முடிவாகிவிடும். இறைக்காவிட்டால் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். இறைத்த தண்ணீர் கரைக்கு அப்பால் போய் விழும், திரும்பி வராது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் மோட்டார் வெறும் சத்தம்தான்.

அமெரிக்காவில் மிசிசிப்பி டெல்டாவில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் முழுக்க முழுக்கப் பம்பை நம்பி வாழும் நகரம். 2017 ஆகஸ்ட் 5 அன்று பெய்த மழையில் தெருக்கள் மூழ்கின. எல்லாப் பம்புகளும் ஓடின என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். மக்கள் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் பல பம்புகளும், அவற்றுக்கு மின்சாரம் தரும் டர்பைன்களும் பழுதாகிக் கிடந்தது வெளியே வந்தது. பம்புகளைக் கவனிக்கும் துறையின் தலைவர் பதவியை விட்டு விலகினார். அந்த ஊர் தரும் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: நூறு ஆண்டுகளாகச் சதுப்பை இறைத்து உலர்த்தியதில் மண் சுருங்கி நகரமே தாழ்ந்துவிட்டது. தாழ்ந்ததால் மேலும் இறைக்க வேண்டியிருக்கிறது. டெல்டா மண்ணில் பம்பை மட்டும் நம்பினால் போய்ச் சேரும் இடம் அது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, தூத்துக்குடி நகரின் தாழ்ந்த பகுதிகளில் ராட்சத மோட்டார்களை வைத்து நாள்கணக்கில் இறைத்தார்கள். அரசாங்கம் முழு பலத்தோடு இறங்கியும் வடிவதற்கு அத்தனை நாளானது.

அடுக்குகளைப் பார்த்தாயிற்று. இப்போது ஒவ்வோர் அடுக்கும் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தெருச் சாக்கடை பேரூராட்சியின் பொறுப்பு. கடற்கரைச் சாலையின் ஓர வடிகால் நெடுஞ்சாலைக்காரர்களுடையது. ரயில் பாதைக்கு அடியில் போகும் பாலம் ரயில்வேயைச் சேர்ந்தது. ஆறும் வடிகாலும் சட்டரும், 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்த நீர்வளத் துறையிடம். காயலும் அலையாத்திக் காடும் வனத்துறையிடம். ஒரு மழைத்துளி வீட்டு வாசலிலிருந்து பாக் நீரிணை போய்ச் சேர ஐந்து அலுவலகங்களின் எல்லையைத் தாண்ட வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் பகுதி சுத்தமாக இருப்பதாகச் சொல்லக்கூடும், அது உண்மையாகவும் இருக்கக்கூடும். இரண்டு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்தச் சந்திப்பில்தான்.

பெரிய திட்டங்கள் வராமல் இல்லை. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 2016இல் ஒப்புதல் பெற்ற வெண்ணாறு உபவடிநிலத் திட்டத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டன. பருவநிலை மாற்றத்தையும் கடல்மட்ட உயர்வையும் கணக்கில் எடுத்துக் கரைகளையும் நீரொழுங்கிகளையும் சீரமைக்கும் நோக்கம் கொண்டது அது. பட்டியலை மறுபடி படியுங்கள்: பாமணியாறும் கோரையாறும் அதில் இல்லை. முத்துப்பேட்டைக்காரர்கள் குரல் கொடுக்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. மோட்டார் ரிப்பேரைவிட இதைப் பற்றித் தேர்தல் நேரத்தில் கேட்பது பயன் தரும் என்பது என் கருத்து.

பக்கத்திலேயே கேட்கக்கூடியதும் உண்டு. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தும் வழக்கம் வந்திருக்கிறது. பேரூராட்சி வார்டுகளுக்கும் அது உண்டு. மழைக்கு முந்தைய கூட்டத்துக்குப் போங்கள். மோட்டார் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தெருச் சாக்கடையின் தரைமட்டம், அது சேரும் வாய்க்காலின் மட்டம், அந்த வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தின் மட்டம், ஆறு காயலைத் தொடும் இடத்தின் மட்டம், ஒவ்வொன்றையும் கவனிக்கும் அலுவலரின் பதவி, இவற்றை ஒரே தாளில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். கடைமடை நீரொழுங்கியை எந்த வேளையில் திறப்பார்கள், மூடுவார்கள் என்ற பட்டியலையும் கேளுங்கள். மட்டம் பார்க்கும் கருவி நீர்வளத் துறையிடம் இருக்கிறது, அளப்பதற்கு ஒரு கோடைகாலம் போதும்.